பட்டியலில் இல்லாத இறகு

பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்பக்கம், சலவை அறையை ஒட்டி, ஒரு தையல் அறை இருந்தது. அதில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து தைத்தவள் மிஷின் அக்கா. ஆபரேஷன் அறைக்குப் போகும் பச்சைத் துணி, டாக்டர்களின் கவுன், கிழிந்த படுக்கை விரிப்பு, பிறந்த குழந்தையைச் சுற்றுகிற துண்டு என்று அவள் கையில் படாத துணி அந்தக் கட்டடத்தில் கிடையாது. அறையில் ஆறு மிஷின்கள். எது எப்போது மக்கர் பண்ணும், எதை எங்கே தட்டினால் வழிக்கு வரும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எடை அளவு ஆய்வாளர் உத்தியோகம். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்த வேண்டும். கடைத்தெரு முனையில் அவர் தலை தெரிந்தால் போதும், 'தராசு வர்றார்' என்று ஒரு முணுமுணுப்பு கடைக்குக் கடை தாவும். கடைசியில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர் ஆகிவிட்டார். கண்டக்டர் கவனிக்காமல் விட்டுவிட்டால், இறங்குகிற இடத்தில் அவரைத் தேடிப்பிடித்து டிக்கெட் வாங்குகிற ஆள். பஸ் காத்திருக்கும். பஸ்ஸில் இருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். மிஷின் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவர் யாரோ என்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் பஸ் பிடித்துப் போய், குளிர்ந்த ஓடை ஒன்றில் முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடிப்பார். புழுவைக் கோர்த்துப் பிடிப்பது எல்லாரும் செய்கிற வேலை. இவர் பிடிப்பது பொய் ஈயை வைத்து. சேவலின் கழுத்து இறகு, முயல் ரோமம், மெல்லிய நூல் இதையெல்லாம் அரிசி அளவு தூண்டில் முள்ளில் சுற்றிச் சுற்றிக் கட்டினால், இப்போதுதான் தண்ணீரில் வந்து உட்கார்ந்த பூச்சி மாதிரி ஒன்று வரும். அதை வீசி மீனை ஏமாற்ற வேண்டும்.

"ஊர்ல ஒருத்தரையும் ஏமாத்த விடாதவர், அந்த வாயில்லா ஜீவனை மட்டும் ஏமாத்துறார்" என்று மிஷின் அக்கா சிரிப்பாள். மற்றபடி அந்தப் பக்கம் போகமாட்டாள். ஜன்னலோர மேஜை அவருடையது. அங்கே பறக்கிற இறகைப் பெருக்குவது மட்டும் அவள் பாடு.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் வலது கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. பிறகு கை. பிறகு இரண்டு கையும். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று தராசுக்காரர் உத்தரவு போட்டார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். ஆக, அது அவளுக்குப் போட்ட உத்தரவு. அன்றிலிருந்து அதற்கு 'அது' என்று பெயர். 'இன்னைக்கு அது கொஞ்சம் பரவாயில்லை', 'அதுக்கு மாத்திரை போட்டாச்சா' என்று பேச்சு ஓடியது.

ஒரு மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் ஜன்னல் மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முள்ளில் முதல் சுற்று நூலைக் கட்டத்தான் முயற்சி. நூல் அங்கே நிற்கவே இல்லை. விரலில் நாலைந்து இடத்தில் முள் குத்தி, இறகெல்லாம் ரத்தம். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாரோ தெரியவில்லை. அவள் பையைக் கீழே வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையிலிருந்து நூல் சுற்றிய பாபினை வாங்கிக்கொண்டாள்.

"பாபினை அப்படிப் பிடிக்கக்கூடாது" என்றார் அவர்.

"முப்பது வருஷமா பாபின் பிடிக்கிறவகிட்ட சொல்றீங்களா? எத்தனை சுத்துன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் முள்ளை அவள் பக்கம் தள்ளி வைத்தார். அப்புறம், "அஞ்சு" என்றார்.

அவள் கட்டிய முதல் ஈ பல் விளக்கும் பிரஷ் மாதிரி இருந்தது. "பரவாயில்லை, மீனு பல்லாவது விளக்கிக்கும்" என்றார் அவர். 'அது' வந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான். அதற்காகவே அவள் அடுத்ததையும் கட்டினாள். ஆறு மாதத்தில் அவர் சொல்லச் சொல்ல அவள் கட்டுகிற ஈக்கள், அவர் கட்டியதைவிட நெருக்கமான சுற்றோடு வர ஆரம்பித்தன. அதை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் அவற்றை முன்வரிசையில் வைத்தார்.

மகள் இருப்பது வேறு நாட்டில். கல்யாணமாகி ஆறு வருஷம். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் வருவாள். அந்த நேரத்தில் தராசுக்காரர் இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே தொடைக்கு நடுவில் வைத்துக்கொள்வார். "அவகிட்ட சொல்லிடாதே. வேலையை அப்படியே போட்டுட்டு ஓடிவந்து நிப்பா" என்பார். மகளும் மருமகனும் டிக்கெட் எடுத்து, 'எங்க வீட்டுலேர்ந்து ஒரு மணி நேரத்துல நல்ல ஆறு இருக்குப்பா, உங்க ஈயெல்லாம் எடுத்துட்டு வாங்க' என்று அழைத்தபோது அவருக்கு வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு நேரே கம்ப்யூட்டர் கடைக்குப் போய், அந்த நாட்டுச் சுங்க விதிகளை அச்செடுத்துக்கொண்டு வந்தார்.

அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கிளம்பிவிட்டோம் என்று.

அந்த ஒரு மாதம் வீடு வீடாக இல்லை. இறகையெல்லாம் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினார்கள். கொடியில் துணி காய வேண்டிய இடத்தில் இறகோடு உரித்த சேவல் கழுத்துத் தோல்கள் வரிசையாகத் தொங்கின. பூச்சி முட்டை இருந்தால் சாக வேண்டும் என்று முயல் தோலை இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தார்கள். பால் வைக்க இடமில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு நம்பர் எழுதி, எந்தப் பிராணி, வளர்ப்பா காட்டா, எங்கே வாங்கியது, எப்படிச் சுத்தம் செய்தது என்று ஒரு பட்டியல். அவர் சொன்னார், அவள் எழுதினாள். எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அதை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தார். மூன்று பக்கம், நாற்பத்தொரு உறை.

ஒன்றை மட்டும் அவர் சேர்க்கவில்லை. மீன்கொத்தியின் நீல இறகு. பல வருஷங்களுக்கு முன்னால் ஓடைக்கரைப் பாறையில் உதிர்ந்து கிடந்ததை எடுத்து வந்தது. அதிலிருந்து ஒரு இழைகூட அவர் கிள்ளியதில்லை. "காட்டுப் பறவை. அனுமதிக் காகிதம் கிடையாது. கொண்டுபோகக் கூடாது" என்று அதை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் நின்றார். அவர் நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

கிளம்புகிற அன்று காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், அவள் அந்த இறகை எடுத்து முயல் ரோமம் இருந்த பதினேழாம் நம்பர் உறைக்குள் செருகிவிட்டாள். மகள் முன்னால், அந்த ஆற்றங்கரையில், அந்த நீலத்தை வைத்து ஒரு ஈ கட்டிக் கொடுத்தால் மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்று மட்டும்தான் அவள் யோசித்தாள். ஒரு இறகு. காற்றில் பறந்து போகிற கனம். அதை யார் தேடப்போகிறார்கள்?

விமானத்தில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். இரண்டையும் அவள்தான் நிரப்பினாள். 'விலங்கு, பறவை சம்பந்தப்பட்ட பொருள் ஏதாவது கொண்டுவருகிறீர்களா' என்று ஒரு கேள்வி. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "இல்லைன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்கம்மா. எவன் பாக்கப்போறான்?" என்றார். தராசுக்காரர் அந்த ஆளைப் பார்த்த பார்வையில், அவர் மீதிப் பயணம் முழுக்கப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். 'ஆமாம்' என்ற கட்டத்தில் அவள் டிக் போட்டாள். போடும்போது அந்த நீல இறகு ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

'ஆமாம்' என்று போட்டவர்களுக்குத் தனி வழி. அந்த வழியின் கடைசியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை, நீள ஸ்டீல் மேஜை, பெரிய விளக்கு. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி அம்மாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, கையில் நீலக் கையுறை. இவர்களுடைய ஆங்கிலம் ஓரளவுக்கு மேல் போகவில்லை என்றதும் அவர் மேஜையிலிருந்த போனில் ஒரு எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் தமிழில் வந்தது.

"வணக்கம்மா, வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க சொல்றதை அப்படியே அவங்களுக்குச் சொல்வேன், அவங்க சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்வேன். கூட்டிக் குறைச்சு எதுவும் சொல்லமாட்டேன்."

தராசுக்காரருக்கு அந்தக் குரலை உடனே பிடித்துப்போனது. பட்டியலை எடுத்து மேஜையில் நேராக வைத்தார். அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ சொன்னார்.

"இவ்வளவு ஒழுங்கான பட்டியலை இந்த மேஜையில பார்த்ததே இல்லைங்கறாங்க" என்றது போன்.

தராசுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் கண் பதினேழாம் நம்பர் உறையைத் தேடியது.

அதிகாரி உறை உறையாகப் பிரித்து, விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒன்பதாம் நம்பர் சேவல் கழுத்தின் தோலில் காய்ந்த கொழுப்பு ஒட்டியிருந்தது. அது உள்ளே வரக்கூடாது என்று தனியாக வைத்தார். தராசுக்காரர் தலையாட்டினார். நியாயம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதினேழில் முயல் ரோமத்தைச் சின்ன இடுக்கியால் விலக்கியபோது, உள்ளேயிருந்து அந்த நீலம் விளக்கில் பளிச்சென்று தெரிந்தது.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். இறகைப் பார்த்தார்.

"இது பட்டியல்ல இல்லையேன்னு கேக்கறாங்க. யார் வெச்சதுன்னு கேக்கறாங்க."

தராசுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கண்ணிமைப்புதான். முப்பத்து நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

"நான்தான் வெச்சேன்" என்றார். "எழுத மறந்துட்டேன்."

அவள் காதை அவளாலேயே நம்ப முடியவில்லை. அவர் பொய் சொல்கிறார். அதுவும் ஒரு அரசாங்க மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு. அந்தப் பொய் அவர் உடம்புக்குப் பழக்கமில்லை. மேஜைமேல் இருந்த கை முதலில் ஆடியது, பிறகு படபடவென்று ஸ்டீலில் தாளம் போட ஆரம்பித்தது. அவர் சட்டென்று இரண்டு கையையும் கோட்டுப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். அதிகாரியின் முகம் மாறியது. குரலும் மாறியது.

"ஐயா... கையை வெளிய எடுத்து மேஜைமேல வைக்கச் சொல்றாங்க. ஏன் இப்படி நடுங்குதுன்னு கேக்கறாங்க. வேற ஏதாவது மறைச்சு வெச்சிருக்கீங்களான்னு கேக்கறாங்க."

அவர் கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டும் ஆடின. அவற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடை கடையாக அடுத்தவன் தராசைச் சோதித்த மனுஷன் இப்படித் திருடனைப் போல நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

"அவர் பொய் சொல்றாரும்மா" என்றாள்.

போனில், "அம்மா, இதை அப்படியே சொல்லட்டுமா?" என்று கேட்டது குரல்.

"அப்படியே சொல்லு. நான்தான் வெச்சேன். அவருக்குத் தெரியாது. கூடாதுன்னு அலமாரியில வெச்சிட்டு வந்தவர் அவர். எனக்கு மனசு கேக்கலை, குளிக்கப்போன நேரத்துல எடுத்துச் செருகிட்டேன். என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொல்றார். சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்ம்மா."

"கை நடுங்கறது பயத்துல இல்லைன்னு சொல்லு. அவருக்குப் பார்க்கின்சன் நோய். மூணு வருஷமா. டாக்டர் கடுதாசி எங்கிட்ட இருக்கு. பாக்கெட்டுல கையை வெச்சுக்கறது திருட்டுத்தனத்துல இல்லை, வெக்கத்துல. பெத்த பொண்ணுகிட்டயே இன்னும் சொல்லலை."

மூன்று வருஷமாக வீட்டுக்குள் வராத அந்தப் பெயர் அந்த அறையில் சத்தமாகக் கேட்டது. தராசுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கைப்பையைக் குடைந்து கடிதத்தையும் மாத்திரை அட்டையையும் எடுத்து வைத்தாள். அவள் அதைக் கொண்டுவந்திருப்பதும் அவருக்குத் தெரியாது.

போன் பேசி முடித்தது. அதிகாரி கடிதத்தைப் படித்தார். கையுறையைக் கழற்றினார். சுவரோரம் இருந்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து அவருக்குப் பின்னால் போட்டார். பிறகு ஏதோ சின்னதாகச் சொன்னார்.

"ஐயா கையைப் பாக்கெட்டுலயே வெச்சுக்கலாம்ங்கறாங்க."

அவர் வைத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து, கைகளை மடியில், எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அதிகாரி ஒரு கேள்விதான் கேட்டார். இந்தக் கையோடு இவ்வளவு நுணுக்கமான ஈயை எப்படிக் கட்டுகிறார்? "அவர் சொல்வார், நான் கட்டுவேன்" என்றாள் மிஷின் அக்கா. அதிகாரி பெட்டியிலிருந்த ஒரு பழுப்பு ஈயை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

இறகு போய்விட்டது. அதைத் திருப்பித் தர சட்டத்தில் இடமில்லை. சேவல் கழுத்தும் போயிற்று. மற்றதையெல்லாம் தாங்களாகவே காட்டியதால் எழுத்துமூல எச்சரிக்கையோடு விட்டார்கள். அதற்கு ஒரு காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவைப் பிடித்தபோது காகிதம் நழுவியது. அதிகாரி குனிந்து, இரண்டு விரலால் அதன் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் தன் முழுப்பெயரையும் எழுதி முடிக்கும்வரை எடுக்கவில்லை.

"அம்மா, என் வேலை முடிஞ்சுது" என்றது போன். "இது நான் மொழிபெயர்க்கறது இல்லை, நானே சொல்றது. ஐயாவுக்கு நல்ல மீனா மாட்டட்டும்." டொக்கென்று வைத்துவிட்டாள்.

வெளியே போகும் நடை நீளமாக இருந்தது. தள்ளுவண்டியை அவள் தள்ளினாள். அவர் நாலடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். பாதி தூரத்தில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எம்மேல கோவமா?"

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு பொய் சொன்னதில்லை நான்" என்றார். "ஆயுசுக்கும் ஒண்ணே ஒண்ணு சொன்னேன். அதையும் ரெண்டு நிமிஷம் நிக்க விட்டியா நீ?"

அவள் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, திரும்பச் சிரிப்பாயிற்று. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மகள் இரண்டு மணி நேரமாக நின்று முகம் வெளிறிப்போயிருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போனவளைத் தராசுக்காரர் தடுத்து, இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினார்.

"முதல்ல இதைப் பாத்துடும்மா. அப்புறம் பேசலாம். பார்க்கின்சன். மூணு வருஷமா."

மகள் ஆடுகிற அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. அதுவும் அம்மா மேல். வண்டி நிறுத்தியிருந்த இடம்வரை பேசாமல் வந்தவள், கதவைத் திறந்ததும் வெடித்தாள். "மூணு வருஷம்! நான் என்ன அடுத்த வீட்டுப் பொண்ணாம்மா? ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?" மருமகன் பெட்டிகளை ஏற்றுகிற சாக்கில் வண்டிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டான். மிஷின் அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு நாள் மகள் அம்மாவிடம், சாப்பிட வா, தண்ணி வேணுமா என்பதற்கு மேல் பேசவில்லை. அப்பாவின் கோட்டுப் பட்டனை மட்டும் காலையில் கேட்காமலே போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆற்றுக்குப் போனார்கள். மருமகன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கரையில் உட்கார்ந்து மிஷின் அக்கா அவர் சொல்லச் சொல்ல ஒரு பழுப்பு ஈ கட்டினாள். முயல் ரோமத்தில் உடம்பு, சேவல் இறகில் இறக்கை. அதைத் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட மட்டும் மகளுடைய விரல் வேண்டியிருந்தது. தூண்டிலை வீசுவதற்குத் தோளும் முழங்கையும் போதும். அவை இன்னும் அவருடையவையாகத்தான் இருந்தன. மகள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் தண்ணீரில் நின்று அவர் வீசினார். மத்தியானம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் தண்ணீர் ஒரு இடத்தில் குழிந்தது. "விழுந்துட்டான்!" என்று அவர் போட்ட கூச்சலில் எதிர்க்கரை மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிவிட்டன. மகள் நனைந்துகொண்டே போய் வலையில் அள்ளினாள். ஒரு ஜாண் மீன். நாலு பேரும் சுற்றி நின்று பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டார்கள்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மருமகன் வண்டியை ஓட்ட, பின் இருக்கையில் நடுவில் அவர், இரண்டு பக்கமும் இவர்கள். வண்டிக்குள் சூடு பரவியதும் ஈரக் காலுறையோடு அவர் தூங்கிப்போனார். அவருடைய வலது கை மகளின் கைக்குள் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மகள் குனிந்து அதைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள் மெதுவாக. "தூங்கறப்ப கை ஆடலைம்மா."

"தெரியும்" என்றாள் மிஷின் அக்கா. "தினமும் காலையில அவர் முழிக்கறதுக்கு முன்னாடி நான் எழுந்து, அதைத்தான் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

மகள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அம்மாவின் தோளைத் தொட்டு, வீடு வரும்வரை அங்கேயே வைத்துக்கொண்டாள்.